பலகை காய்ந்துவிட்டது என்று சொல்லக் கூடாத வீடு

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியும். அவர்கள் இதைப் படிக்கும் நேரத்தில் இழைப்புளியைத் தீட்டிக்கொள்ளலாம்.

மர வேலை நடக்கும் எந்த இடத்திலும் ஒரு விதி உண்டு. காயாத பலகையைக் காய்ந்தது என்று சொல்லக் கூடாது. நம் பட்டறையில் கூடுதலாக இன்னொன்று இருக்கிறது. காய்ந்த பலகையையும் காய்ந்தது என்று சொல்லக் கூடாது. குறிப்பாக, கைத்தடியோடு மாடிப்படி இறங்கி வந்து கேட்பவரிடம் சொல்லக் கூடாது. இந்த விதியை எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டினால் அவர் படித்துவிடுவார். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த நிவேதாவுக்கு அது தெரியவில்லை. போன வாரம் அவர் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

நிவேதா மேல் தவறு ஒன்றும் இல்லை. பலகையில் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்தார், எண்ணைப் பார்த்தார், கேட்டவருக்குப் பதில் சொன்னார். வேறு எந்தப் பட்டறையிலும் அதற்குப் பாராட்டுத்தான் கிடைக்கும்.

அவர் சொன்ன பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகையில் பழக்கினார்கள். பல வருஷம் அப்படியே செய்தேன். இப்போது பத்திரிகை, பட்டறை இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன், என் இஷ்டம்.

முதலில் என் பழைய அடுக்குமாடி வீட்டைப் பற்றி இரண்டு வரி. சேலையூரில் இருந்தபோது, பத்திரிகை வேலையை விட்ட புதிதில், மரவாடியில் அறுத்து வாங்கிய பச்சைப் பலகைகளை மொட்டை மாடியில் பரப்பினேன். சித்திரை வெயில். துணி காய்கிறது, மிளகாய் காய்கிறது, பலகை காயாதா என்பது என் கணக்கு. பக்கத்தில் எதிர் ஃப்ளாட் மாமி பழைய வேட்டியில் வடாம் பிழிந்து வைத்திருந்தார். சில நாள் கழித்து இருவரும் ஒரே நேரத்தில் மேலே போனோம். பலகைகள் விரிசல் விட்டு முறுக்கிக்கொண்டு கிடந்தன. மாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் நன்னா சுருண்டிருக்கு சார். என்னுதை எண்ணெயில போட்டா பொரியும். உங்களுதை என்ன பண்ணுவேள்?"

மரம் காய வெயில் வேண்டாம், நிழலும் காற்றும் போதும் என்பது அன்று புரிந்தது. பலகைக்குப் பலகை குறுக்கே குச்சி வைத்து, சந்து விட்டு அடுக்கி, மேலே கனம் ஏற்றிவிட்டு, அதை மறந்துபோக வேண்டும். வீட்டிலேயே மரம் காயவைப்பதில் கடினமான பகுதி அந்த மறப்பதுதான். நாம் மறந்தாலும் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் மறப்பதில்லை.

நிழலும் காற்றும் தேடித்தான் மாடம்பாக்கத்துக்கு வந்தேன். இப்போது பட்டறை இருக்கும் அதே வீடு. மாடியில் வீட்டுக்காரர் சரோஜா அக்கா, அவருடைய மகள் கவிதா, அக்காவின் அப்பா பெரியவர். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாதி மனைகள் ஒரு காலத்தில் அவர் நெல் போட்ட நிலம். கீழ்வீடு எனக்கு. கேட்டைத் திறந்ததும் வலப்பக்கம் சுவரை ஒட்டி நீளமாக ஒரு சந்து. காலையிலேயே நிழல் விழுந்துவிடும், மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஊதும். அந்தச் சந்துக்காகவே வாடகைக்குப் பிடித்தேன்.

அந்த வருஷப் புயலில் ஏரிக்கரையில் ஒரு பெரிய வேப்பமரம் சாய்ந்தது. ஏரியைச் சுற்றிக் காலையில் நடப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உரிய இடத்தில் அனுமதி வாங்கி, அந்த மரத்தையே அறுத்து, அதே கரையில் உட்கார பெஞ்சு போட முடிவு செய்தார்கள். வேலை எனக்கு வந்தது. எனக்கு வந்த முதல் பெரிய வேலை. மரமும் ஒன்றே ஒன்றுதான். கெட்டுப்போனால் வேறு வாங்கி ஈடு செய்ய முடியாது.

பலகைகள் குட்டி யானை வண்டியில் வந்து இறங்கின. ஹாலோ பிளாக் வைத்து, அதன் மேல் அடுக்கினேன். முனைகள் வெடிக்காமல் இருக்க பெயின்ட் அடிக்க வேண்டும். கையில் இருந்தது காம்பவுண்டு சுவருக்கு வாங்கிய மஞ்சள். தகரம் வரும் வரைக்கும் மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தேன். ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, இடுப்பு உயரம், முனைகளில் மஞ்சள், மேலே வெள்ளைத் துணி. எல்லா அளவையும் சரியாக எடுத்தேன். அந்த அளவில் ஊரில் வேறு எதற்காகக் கட்டை அடுக்குவார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர் அப்போது தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் சளி, கூடவே வயது. மறுநாள் அவரை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள், நல்ல நிலையில்தான். ஆனால் தெரு பார்த்தது இரண்டே விஷயங்கள்: வீட்டு வாசலில் அடுக்கிய கட்டை, அதை நோக்கி வரும் ஆம்புலன்ஸ். எதிர் வரிசை மளிகைக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு, கோயில் வாசலில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. உள்ளே பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குபா மாலை?" என்றார்.

மளிகைக்கடைக்காரருக்கு யோசிக்க நேரமே இல்லை. "உங்களுக்குத்தான் பெரியவரே! நல்லபடியா வூடு வந்து சேந்தீங்களே!" என்று சொல்லி, கழுத்தில் போட்டு, கையையும் தட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று உங்களில் யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாலையோடு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிப் போனார்கள். சரோஜா அக்கா மட்டும் கீழேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது?"

"பெஞ்சுக்கான பலகைக்கா. காயவெச்சிருக்கேன்."

"பெஞ்சா? பாடையத் தவிர மீதி எல்லாம் ரெடியா கீது. எங்க நைனா உசுரோட வந்து எறங்கற நேரத்துலயா இத வாசல்ல அடுக்குவாங்க?"

"தகரம் போட்டா வேற மாதிரி தெரியும்கா."

"தகரம் போட்டா மழைல எரிக்கப் போறோம்னு நெனப்பாங்க. ஞாயித்துக்கெயம கவிதாவ பொண்ணு பாக்க வராங்க சார், திருநீர்மலலேருந்து. அதுக்குள்ள எடுத்துடு. மொட்ட மாடில கொண்டுபோய் போடு."

மொட்டை மாடி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வடாம் ஞாபகம் வந்தது. மாடி என்றால் வெயில், வெயில் என்றால் விரிசல், விரிசல் என்றால் பெஞ்சு கிடையாது. இதையெல்லாம் ஒரு மகளிடம், அதுவும் அப்பாவை அப்போதுதான் மேலே அனுப்பிவிட்டு நிற்பவரிடம், எப்படிச் சொல்வது? வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மாடி பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"ஏ சரோஜா! அத எவனும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பெரியவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் எழுந்து நடக்க ஒரு வாரமாவது ஆகும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அடுக்கை ஒரு சுற்று வந்தார். கைத்தடியால் ஒவ்வொரு பலகையையும் தட்டினார்.

"வேம்பா?"

"ஆமாங்க."

"பரவால்ல. பூச்சி அண்டாது." எரிக்கப்போகும் கட்டையில் பூச்சி அண்டினால் என்ன என்று நான் கேட்கவில்லை. பலகைகளுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார். "ஆனா அடுக்கினவன் நல்லா அடுக்கிகிறாம்பா. பாரு, ஊடால குச்சி வெச்சு எப்டி காத்துக்கு வழி வுட்டுகிறான். கப்புனு புடிக்கும். நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் இப்டி அடுக்கத் தெரியாது. நீதானே?"

"நான்தாங்க. ஆனா இது பெஞ்சு செய்யறதுக்கு. ஏரிக்கரையில போடறதுக்கு."

அவர் என் தோளைத் தட்டினார். "எம் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றே. நல்ல புள்ளபா நீ."

"நெஜமாவே பெஞ்சுதான் நைனா," என்றார் பின்னாலேயே இறங்கி வந்த சரோஜா அக்கா.

"நீயும் அவங்கூட சேந்துகினியா? சரி, பெஞ்சு. பெஞ்சுனே வெச்சுக்கலாம்." பெரியவர் எங்கள் இருவரையும் பெரிய மனதோடு பார்த்தார். "இது எப்போ காயும்?"

"ஒரு வருஷம் ஆகலாங்க."

"ஆவட்டும். அவசரமே இல்ல. எங்க பெரியப்பன் போனப்போ அடமழ. கட்ட எரியவே இல்ல. சுத்தி நின்ன சனமெல்லாம் கண்ணக் கசக்கிகினு மூக்க சிந்திகினு நின்னுச்சு. பாத்தவன்லாம், ஆஹா, மன்சன் மேல இன்னா பாசம்னான். புகபா அது! அந்தாளுக்காக அழுவ ஒரு நாதி கிடையாது." கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "எனக்கு அந்தப் பேஜாரு வாணாம். இது காயட்டும். காஞ்ச அன்னிக்கு கெளம்பறேன்."

நான் சிரித்தேன். சரோஜா அக்கா சிரிக்கவில்லை. பெரியவர் மேலே போன பிறகு என்னைச் சந்துக்குள் கூப்பிட்டார்.

"உனுக்கு அவரத் தெரியாது சார். சொன்னா செய்யற ஆளு. பீடிய ஒரே நாள்ல வுட்டாரு. தங்கச்சியோட பேச மாட்டேன்னாரு. அத்த சாவற வரிக்கும் பேசல. ஆஸ்பத்திரில கஞ்சிகூட வாணாம்னு மூஞ்சத் திருப்பிக்கினாரு. இன்னிக்கு எழுந்ததும் இட்லி கேக்கறாரு, கீழ போய் கட்டயப் பாக்கணுமாம்." கொஞ்ச நேரம் அடுக்கையே பார்த்தார். "எடுக்காத சார். ஆனா ஒண்ணு. காஞ்சிடுச்சுன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாத."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சரோஜா அக்கா அடுக்கின் மேல் பூப்போட்ட பெட்ஷீட்டைப் போட்டு, அதன் மேல் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்தார். மேலே வைக்கக் கனமாகக் கல் தேடிக்கொண்டிருந்தேன். தொட்டிகள் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தன. இன்றுவரை அந்த இடத்தில் குரோட்டன்ஸ் இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல.

திருநீர்மலைக்காரர்கள் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன், வாயே திறக்கவில்லை. கூட வந்த அவனுடைய தாத்தா சந்து ஓரத்தில் நின்றுவிட்டார்.

"இன்னாது இது, மேட மாரி கட்டி வெச்சுகிறீங்க?"

சரோஜா அக்கா கையில் சொஜ்ஜித் தட்டு. முகத்தில் ரத்தம் இல்லை. நான் 'பூந்தோட்டம்' என்று ஆரம்பித்தேன். அதற்குள் நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்து வந்து, பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னுது," என்றார்.

இரண்டு கிழவர்களும் குனிந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

"வேம்பா?"

"வேம்பு. ஏரிக்கர மரம். எஞ் சின்ன வயசுல அதுல ஏறி வுழுந்துகிறேன்."

"குடுத்து வெச்சவன்யா நீ," என்றார் மாப்பிள்ளையின் தாத்தா. "எங்க பக்கம் சுடுகாட்லலாம் இப்போ கேஸு. பட்டன தட்டினா முடிஞ்சிடுதாம்."

"பட்டனா?"

"பட்டன்."

இருவரும் அடுக்கை ஒரு தரம் தடவிப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாத்தா என் பக்கம் திரும்பி, வெளி ஆர்டர் எடுப்பேனா என்று கேட்டார். இல்லை என்றேன். வேனில் ஏறும்போது தன் மகனிடம் அவர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "பெரியவன உசுரோட இருக்கறப்பவே இப்டி தாங்கற வூடு. பொண்ண நல்லாத்தான் வளத்துருப்பாங்க. முடிச்சிடு." கல்யாணம் முடிந்தது. கவிதாவின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

அதன் பிறகு தினமும் காலையில் இட்லி முடிந்ததும் படியில் தடிச் சத்தம் கேட்கும். பலகையைத் தட்டுவார். "காஞ்சிடுச்சாபா?" என்பார். "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குங்க" என்பேன். "சரி, நாளைக்கி பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அப்படியே கோயில் வரை நடந்து போய்விட்டு வருவார். முதல் வருஷம் நான் சொன்னது முழு உண்மை. உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒரு மனிதரை நடக்கவைப்பது சுலபமான வேலை. சிக்கல் பலகையால் வந்தது. அது காய்ந்துவிட்டது.

ஒரு மழைக்காலம் போய், பனியும் போய், வெயில் ஆரம்பித்த சமயம். மீட்டரைப் பலகையில் வைத்தேன். வெளியில் போடும் பெஞ்சுக்கு இதைவிட நல்ல எண் வேண்டியதில்லை. சரோஜா அக்கா பின்னால் நின்றிருந்தார்.

"இன்னா காட்டுது?"

சொன்னேன்.

"அத ஆஃப் பண்ணு சார்," என்றார், ஏதோ பாம்பைப் பார்த்ததுபோல.

அந்த வாரமே நடப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் நேரில் வந்தார். அரசு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காலில் வெள்ளை ஷூ. போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வந்திருந்தார். சந்தில் என் எதிரே நின்றார். பெரியவர் அடுக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சரோஜா அக்கா படியில்.

"சார், ஸ்ட்ரெய்ட்டா கேக்கறேன். காஞ்சிடுச்சா இல்லையா? மெம்பர்ஸ் எல்லாம் கல்லு மேல உக்காந்துட்டிருக்காங்க. இல்லைனா வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்.

காய்ந்தது என்று சொன்னால் பெரியவர் கிளம்பிவிடுவார். இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும், மரமும் போய்விடும். செயலாளரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசலாம் என்றால், சந்தை அடைத்துக்கொண்டு நின்றது அவர்தான். இந்த மாதிரி நேரத்தில் மனிதன் தன் பழைய தொழிலுக்குள் ஓடி ஒளிகிறான். பத்திரிகையில் பல வருஷம் அரசு அறிக்கைகளைச் சுருக்கியிருக்கிறேன். ஒரு அறிக்கை எதுவுமே சொல்லாமல் எப்படி எல்லோரையும் திருப்திப்படுத்தும் என்பது எனக்குத் தெரியும். முதுகை நிமிர்த்தினேன்.

"மேற்படி பலகைகளை உலர்த்தும் பணிகள் முழுவீச்சில் நடைபெற்று இறுதிக்கட்டத்தை நெருங்கி வருகின்றன. உரிய ஆய்வுகளுக்குப் பிறகு, பெஞ்சுகள் விரைவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப்படும்."

செயலாளரின் முகம் மலர்ந்தது. அவருடைய தாய்மொழியில் யாரோ பேசிவிட்டார்கள். "அப்படி க்ளியரா சொல்லுங்க சார். இதை அப்படியே மெம்பர்ஸுக்கு அனுப்பிடறேன்," என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"இன்னா சொன்னாம்மா அவன்?" என்றார் பெரியவர்.

"இன்னும் காயலையாம் நைனா," என்றார் சரோஜா அக்கா.

இரண்டு பக்கமும் தப்பித்தேன். ஆனால் அறிக்கை விட்டால் கொஞ்ச நாள்தான் தாங்கும், பிறகு பெஞ்சு வேண்டும். அடுக்கு நகரக் கூடாது, பலகை நகர வேண்டும். இப்போது உங்களுக்கு மேஸ்திரியாக இருக்கும் செல்வம் அப்போதுதான் என்னிடம் சேர்ந்திருந்தார். அவரிடம் இதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"பால் பாக்கெட் மாதிரி பண்ணிடலாம் சார்."

"அப்படின்னா?"

"வூட்ல ஃப்ரிட்ஜ்ல பாலு எப்பவும் கீது. ஆனா அதே பாலா?"

பெருங்களத்தூரில் புது அடுக்குமாடி கட்டும் இடத்தில் ஒரு வேப்பமரத்தை வெட்டியிருந்தார்கள். அதை வாங்கி அறுத்தோம். பெரியவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் குட்டி யானையைத் தெருமுனையிலேயே நிறுத்தி, பலகைகளைத் தோளில் தூக்கிவந்தோம். மேலே சரோஜா அக்கா டிவி சீரியலின் சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்தார். சீரியலில் யாரோ யாரையோ வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கீழே நாங்கள் காய்ந்த பலகைகளை எடுத்து ஷெட்டுக்குள் வைத்து, பச்சைப் பலகைகளை அதே இடத்தில், அதே குச்சிகளோடு அடுக்கினோம். முனைகளில் அதே மஞ்சள். மேலே அதே தொட்டிகள்.

மாலையில் தடிச் சத்தம் கேட்டது. பெரியவர் வந்தார், தட்டினார், மூக்கை உறிஞ்சினார்.

"புதுசா வாசன அடிக்குதே."

செல்வம் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"மழ வாசன நைனா," என்றார் சரோஜா அக்கா. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அக்னி நட்சத்திரம்.

பெரியவர் வானத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஆமாமா," என்றார். "மழ பெஞ்சா மரம் திரும்ப ஈரம் வாங்கிக்கத்தான் செய்யும். இன்னும் ஒரு வருசம் ஆவும் போல கீது." மேலே போய், ராத்திரிக்கு இட்லி வேண்டாம், மீன் குழம்பு வை என்றாராம்.

நாங்கள் எவ்வளவு சாமர்த்தியசாலிகள் என்று நானும் செல்வமும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பெஞ்சுகள் ஏரிக்கரைக்குப் போயின. இன்னும் ஆடாமல் நிற்கின்றன, போய் உட்கார்ந்து பாருங்கள். பெரியவரும் காலையில் அதில்தான் உட்கார்கிறார், அது எந்த மரம் என்று கேட்டதில்லை. அன்று முதல் நம் பட்டறையின் வழக்கம் இது: பச்சைப் பலகை வாசலுக்கு வராமல் காய்ந்த பலகை அடுக்கை விட்டு வெளியே போகக் கூடாது. அடுக்கு ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. உங்களுக்கு இதைத் தொழில் நிர்வாகம் என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் உண்மைதான். மற்ற பட்டறைகள் காய்ந்த மரம் இல்லாமல் பச்சை மரத்தில் கதவு செய்து கொடுத்து, மழையில் அது மூடாமல் திட்டு வாங்கிய வருஷங்களில் நம்மிடம் எப்போதும் காய்ந்த மரம் இருந்தது. ஆனால் அது ஒருவர் தினமும் காலையில் கேட்கும் கேள்விக்குப் பதிலாக ஆரம்பித்தது.

இப்போது போன வாரம்.

நான் அங்கே இல்லை. முதலில் சரோஜா அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னார், பிறகு நிவேதா அழாமல் சொன்னார், கடைசியில் செல்வம் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றும் ஒத்துப்போவதால் எழுதுகிறேன்.

பெரியவர் வழக்கம்போல வந்து தட்டிவிட்டு, "காஞ்சிடுச்சாமா?" என்று கேட்டிருக்கிறார். நிவேதா மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா காஞ்சிடுச்சு தாத்தா! எடுத்துட வேண்டியதுதான்!" என்று சொல்லியிருக்கிறார். படியில் நின்ற சரோஜா அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. செல்வம் அதை நிறுத்தினார்.

பெரியவர் குனிந்து பலகையில் காதை வைத்தார். தடியால் ஒரு தட்டு. நகர்ந்து இன்னொரு தட்டு.

"நீ இன்னா படிச்சுகிறே?"

"பி.ஈ., தாத்தா."

"அதான்." மீட்டரைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "மொதல்ல இந்த மிசினுக்கு பேட்டரி மாத்து. உள்ள ஈரம் அப்டியே கீது."

"இல்ல தாத்தா, நேத்துதான் புது பேட்டரி..."

"ஏம்மா, நான் சொல்றன்ல?" குரலைத் தாழ்த்தினாராம், ஆனால் காது மந்தமானவர்களின் தாழ்ந்த குரல் அது, கேட் வரைக்கும் கேட்டிருக்கிறது. "இது காஞ்சா இன்னா செய்யணும்னு உனுக்கு யாரும் சொல்லலயா? பச்ச பலக ஒரு லோடு எறக்கிட்டு அப்பறம் அளந்து பாரு. சார் இருந்தப்போ அப்டித்தான் செய்வாரு, வருசா வருசம். மத்தியானத்துல. நான் தூங்கறதா நெனச்சிகினு."

சொல்லிவிட்டு, சரோஜா அக்காவிடம் எழுந்து வழி விடச் சொல்லி, மேலே போய்விட்டார்.

ஆகவே, புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீட்டர் நல்ல கருவி, நம்புங்கள், ஆனால் எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். வியாழக்கிழமை பச்சைப் பலகை வருகிறது என்று செல்வம் சொன்னார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்துங்கள். மத்தியானம், அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு, தோளில் தூக்கிவந்து சத்தமில்லாமல் அடுக்குங்கள். டிவியை சரோஜா அக்கா பார்த்துக்கொள்வார். பெரியவருக்குத் தெரியும் என்பது நம் யாருக்கும் தெரியாது.